ரெண்டாவது ஆள்

இராயபுரம்
8.9.2024, மாதா பிறந்தநாள்

மரியே வாழ்க.

அன்புள்ள தங்கச்சி சிஸ்டர் தேவப்பிரியத்துக்கும், உனக்கு முன்னாலேயே இதைப் பிரித்துப் படிக்கும் மதர் அம்மாவுக்கும் சுகிர்தம் தோத்திரம் சொல்லி எழுதுவது. எனக்கு முதுகுவலியைத் தவிர வேறு குறையில்லை. அதுவும் ரொம்ப வருஷமாகக் கூடவே இருப்பதால் சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டது. உனக்குச் சளி விட்டதா? மலையடிவாரக் குளிரில் காதுக்குப் பஞ்சு வை.

உங்கள் அடைபட்ட மடத்தில் போன் கூடாது, மாதத்துக்கு ஒரு கடிதம்தான் என்று சட்டம் வைத்தவர் யாரோ, நாலாம் கிளாஸோடு நின்ற என்னை இத்தனை வருஷமாக எழுத வைத்த புண்ணியம் அவருக்குத்தான். நீ அனுப்பிய, பூசைக்கு ஓஸ்தி அப்பம் வெட்டின ஓரத் துண்டுகள் வந்து சேர்ந்தன. டீயில் முக்கித் தின்றேன். மந்திரிக்காததுதானே, பாவமில்லையே?

விஷயத்துக்கு வருகிறேன். நான் இருக்கும் ஸ்டோர் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். பத்துக் குடித்தனம், ஒரே குழாய், ரெண்டு கக்கூஸ். உன் அத்தான் என்னைக் கட்டிக் கூட்டிவந்து இறக்கிவிட்ட வீடு. அவரும் போய் ஆறு வருஷம். பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

செங்கொடி என்று ஒரு வீட்டு புரோக்கர், ஸ்கூட்டியில் என்னைப் பின்னால் உட்கார வைத்து ஊர் சுற்றிக் காட்டுகிறாள். எல்லாம் திருவொற்றியூர்ப் பக்கம். "யக்கா, மெட்ரோ வந்ததுல இருந்து இங்க கீறவன்லாம் அடையாறு ரேஞ்சுக்குப் பேசிக்கினு கீறான். வூட்டப் பாத்து மயங்கிடாத. வாடகையக் கேட்டு மயங்கு, நான் தாங்கிக்கிறேன்" என்கிறாள்.

முதல் வீட்டுக்காரர் என்ன தொழில் என்று கேட்டார். கருவாட்டுக் கடை என்றேன். கதவைச் சாத்திவிட்டார். கம்பெனிப் புகை மூக்கை அறுக்கிற தெரு அது. அங்கே என் கருவாடுதான் நாறுமாம்! ரெண்டாவது வீட்டுக்காரி, "தனி ஆளா? வேணாம்மா" என்றாள். புருஷன் செத்துப்போனது என் தப்பு மாதிரி.

நல்ல வீடு கிடைக்க ஜெபம் பண்ணு. குழாய் உள்ளேயே இருக்கணும் என்று குறிப்பாகச் சொல். ஆண்டவர் சில நேரம் அரைகுறையாகக் கேட்டுக்கொள்வார்.

உன் அக்கா,
சுகிர்தம்


மடம்
29.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சளி குறைந்துவிட்டது. உன் முதுகுக்காகவும் வீட்டுக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். குழாயைக் குறிப்பாகச் சொல்லிவிட்டேன். ஓஸ்தித் துண்டு பாவமில்லை என்று மதர் சிரித்துக்கொண்டே சொல்லச் சொன்னார்கள்.

அத்தான் இருந்த வீட்டை இடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. இடிக்கிற அன்று கடைக்குப் போய்விடு.

எப்படிப்பட்ட வீடாகப் பார்க்கிறாய்? பெரிய வீடா?

அன்புடன்,
சகோ. தேவப்பிரியம்


இராயபுரம்
20.10.2024

மரியே வாழ்க.

அன்புள்ள தங்கச்சிக்கும் சிரித்த மதருக்கும் சுகிர்தம் எழுதுவது. முதுகு அப்படியே. மற்றபடி தெம்பு. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "தேவ கிருபையால் நலம்" என்று எழுதுவாய். நன்றாகச் சாப்பிடுகிறாயா, அதை எழுது.

வீடு கிடைத்துவிட்டது! திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கி ஏழு நிமிஷ நடை. என் காலுக்குப் பதினைந்து. வீட்டுக்காரர் ஜெகதீசன், ரிட்டையர் ஆன மனுஷன், ஆறடி உயரம். ஒரே கட்டடத்தில் அவருக்கு ரெண்டு வீடு. எனக்கு ஒரு பெட்ரூம் வீடு, ரெண்டாவது மாடி. செங்கொடி லிஃப்டில் கூட்டிப்போய்க் காட்டினாள். கிணற்று வாளி மாதிரி ஆடிக்கொண்டே போகிறது.

பெண் பார்க்க வந்தபோதுகூட என்னை இவ்வளவு கேட்கவில்லை.

"எத்தனை பேர்மா?"

"நான் ஒருத்திதான் சார்."

"விருந்தாளி?"

"சாவுக்கு மட்டும் வருவாங்க சார்."

"கருவாடு வீட்ல வைப்பீங்களா?"

"கடையிலேயே அதப் பாத்துப் பாத்து வெறுத்துப்போச்சு. வூட்டுக்கு வேற கூட்டினு வருவேனா?"

செங்கொடி உடனே, "சார், யக்கா சோக்கான பார்ட்டி. பேஜாரே கிடையாது" என்றாள். அவர் ரெண்டு சட்டம் சொன்னார். ஒன்று, ஒரு ரூமை வேறு பசங்களுக்கு உள்வாடகைக்கு விடக்கூடாது. யாரோ முன்னால் அப்படிச் செய்துவிட்டார்களாம். ரெண்டு, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. ரெண்டு வீட்டிலும் குளியலறைக் கண்ணாடியை அவர் உயரத்துக்கு மாட்டி வைத்திருக்கிறார். அதில் எனக்கு நெற்றிப்பொட்டு வைக்கிற இடம் மட்டும்தான் தெரிகிறது. இறக்கி மாட்டலாமா என்றேன். "ஆணி, மா" என்றார், யாரோ செத்துப்போனதைச் சொல்கிற குரலில்.

அடுத்த மாதம் பால் காய்ச்சணும். மார்கழியில் குடிவரக் கூடாதாம். நமக்கு ஏது மார்கழி என்றேன். "எனக்கு இருக்குதே" என்றார். நியாயம்தான்.

நீ பெரிய வீடா என்று கேட்டாயே. ஒரு ஹால், ஒரு ரூம், சமையல்கட்டு. குழாய் உள்ளே, அதுவும் நாலு! எதைத் திறப்பது என்று தெரியாமல் நின்றேன்.

உன் அக்கா,
சுகிர்தம்


மடம்
17.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு கிடைத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி. நான் சாப்பிடுகிறேன். முன்பு போல இல்லை, ஆனால் சாப்பிடுகிறேன்.

சில கேள்விகள். அந்த வீட்டிலிருந்து கோவிலுக்கு எவ்வளவு தூரம்? அந்தத் தெருவில் யாரும் யாரையும் ரொம்ப விசாரிப்பார்களா? ஒரு ஆள் என்று சொல்லிவிட்ட பிறகு இன்னொருவர் வந்து தங்கினால் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வாரா? சும்மாதான் கேட்கிறேன். நகரத்து வாடகை வீடுகள் எப்படி என்று எனக்குத் தெரியாதல்லவா.

இந்த மாதம் இரண்டு கடிதம் எழுத மதர் அனுமதி தந்தார்கள். பெனிட்டோ அண்ணனுக்கும் தூத்துக்குடிக்கு ஒன்று எழுதுகிறேன். திருவருகைக் காலம் தொடங்கினால் கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது என்று உனக்குத் தெரியும். அதற்குள் முடிந்தால் பதில் போடு.

அன்புடன்,
சகோ. தேவப்பிரியம்


இராயபுரம்
24.11.2024

மரியே வாழ்க.

அன்புள்ள தங்கச்சிக்கும் மதருக்கும். நான் நலம். ஆனால் மானம் நலமில்லை. மதர் அம்மா, தண்ணீர் குடித்துக்கொண்டே இதைப் படிக்காதீர்கள், புரையேறும்.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். ஸ்டோர் வீட்டிலிருந்து பட்டம்மாளும் இன்னும் நாலு பேரும், பங்குச் சாமியாரும் வந்தார்கள். வீட்டுக்காரர் காலையிலேயே ரெண்டு சாவி கோத்த வளையத்தை என் கையில் கொடுத்துவிட்டு வங்கிக்குப் போய்விட்டார். லிஃப்ட் அன்றைக்கு லீவு. புது அடுப்பு, பால், மாதா படம் எல்லாம் தூக்கிக்கொண்டு ரெண்டு மாடி ஏறினோம். வலது பக்கக் கதவு. ஒரு சாவி சேரவில்லை, இன்னொன்று சேர்ந்தது. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

உள்ளே போனால் வீடு பெரிசாகத் தெரிந்தது. வெள்ளையடித்தால் அப்படித்தான் தெரியும் என்று பட்டம்மாள் சொன்னாள். இன்னொரு கதவும் இருந்தது. திறந்தால் ஜன்னலோடு ஒரு ரூம். எனக்கே கொஞ்சம் இடித்தது. ஆனால் சாமியார் அதற்குள் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். அந்த ரூமிலும் தீர்த்தம் தெளித்து, "இங்கே தங்கப் போகிறவருக்கு இளைப்பாறுதல் தாரும்" என்று வேண்டினார். நானும் ஆமென் போட்டேன்.

பால் நாலு பக்கமும் பொங்கி வழிகிற நேரம், ஜெகதீசன் சார் வாசலில் நிற்கிறார். அவர் பின்னால் ஒரு பாய், அவர் வீட்டம்மா, ரெண்டு பெட்டி.

"யம்மா! இது அவங்க வீடு! உங்களுது கீழ!"

கதை என்னவென்றால், அந்த மனுஷன் கார் நிறுத்துகிற இடத்தை முதல் மாடி என்று எண்ணுகிறார். "அதுக்கும் நான் கான்கிரீட் போட்டிருக்கேன்ல?" என்கிறார். ரெண்டு வீட்டுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துக் கொடுத்ததும் அவர்தான். என்னைக் கேட்டால், காலம் பூரா தரையில் குடியிருந்தவளுக்கு மாடி எண்ணத் தெரியுமா?

பூமி பிளந்தால் நல்லது என்று நின்றேன். அந்த அம்மா பேர் ஜீனத். வண்ணாரப்பேட்டைக்காரர்கள். முட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, அடுப்பை எட்டிப் பார்த்தார். "பொங்கிருச்சா?" என்றார். பொங்கிவிட்டது என்றேன். "அப்புறம் இன்னா? பரக்கத்து வந்துட்ச்சு. ஊத்துக்கா ஒரு கிளாஸ். மாடி ஏறி மூச்சு வாங்குது" என்றார். அவர் வீட்டுக்காரர் அலி அக்பர் பாயும் குடித்தார். சாமியாரும் குடித்தார். வீட்டுக்காரர் மட்டும் மாதா படத்தைக் காட்டி, "ஆணி அடிக்கலையே?" என்று கேட்டார்.

பிறகு கீழே போய் எங்கள் வீட்டில் மறுபடி காய்ச்சினோம். பால் தீர்ந்துபோய்ப் பாக்கெட் வாங்கிவரச் சொல்லி, அது பொங்கவே இல்லை. அடிப்பிடித்தது.

உன் கேள்விகளுக்குப் பதில். கோவில் பக்கம்தான். இன்னொரு ஆளா? யார் வரப் போகிறார்கள்? ஏட்டி, ஒருத்திக்கு எதற்கு ரெண்டு ரூம்! ஒன்றையே கூட்டிப் பெருக்க முதுகு விடமாட்டேன் என்கிறது. சிஸ்டரை ஏட்டி என்று கூப்பிட்டால் பாவமா, மதரிடம் கேட்டுச் சொல்.

உன் அக்கா,
சுகிர்தம்


மடம்
27.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துக்கள். உன் கடிதத்தை மதர் உணவறையில் எல்லோருக்கும் வாசித்தார்கள். எங்கள் வயதான சிஸ்டர் ஒருவர் "அடிப்பிடித்தது" என்று சொல்லிச் சொல்லி இரண்டு நாள் சிரித்தார்.

நீ சொன்னது சரிதான். ஒருவருக்கு ஒரு அறை போதும்.

பெனிட்டோ அண்ணனிடமிருந்து பதில் இல்லை. அவர் நலமாக இருக்கிறார்தானே?

அன்புடன்,
சகோ. தேவப்பிரியம்


திருவொற்றியூர்
26.1.2025

மரியே வாழ்க.

அன்புள்ள தங்கச்சிக்கும் மதர் அம்மாவுக்கும் புது விலாசத்திலிருந்து சுகிர்தம் எழுதுவது. முதுகு தேவலை. மூன்று வாரம் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை.

ஜனவரி ரெண்டாம் தேதி பெனிட்டோ அண்ணன் போன் போட்டான். நீ எழுதின கடிதம் வந்ததாம். கால்மணி நேரம் கத்தினான். அவன் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நான் திருப்பிச் சொன்னதை எழுதவே முடியாது, மதர் தொடுகிற காகிதம் இது.

போனை வைத்துவிட்டு உன் நவம்பர் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். சும்மாதான் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு நான் என்ன பதில் போட்டேன் என்றும் நினைத்துப் பார்த்தேன். உன் அக்கா வாய் பெரிசு, மூளை நெத்திலி அளவு என்று உனக்குச் சின்ன வயசிலேயே தெரியும்.

இந்த வீட்டைப் பற்றி ஒரு புகார். ஸ்டோர் வீட்டில் விடிந்தால் குழாயடியில் என் பேரைச் சொல்லி யாராவது திட்டுவார்கள். அதைக் கேட்டு எழுந்துதான் பழக்கம். இங்கே யாருமே திட்டுவதில்லை. எழுந்திருக்கவே மனசு வரமாட்டேன் என்கிறது.

அது போகட்டும். மேல்மாடி ஜீனத்தின் மகன் முபாஷிருக்குக் காட்டுப்பள்ளியில் வேலை. மருமகள் மெஹ்னாஸ், மீஞ்சூரில் வீடு பார்த்தால் பக்கம் என்று கூட்டிப்போய்விட்டாள். ஜீனத்துக்கு இப்போது ரெண்டு ரூம், ரெண்டு முட்டிவலி. போன வாரம் நான் மேலே போய், "ஜீனத்து, வீட்டை மாத்திக்கலாமா?" என்று கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. "பால் பொங்குன வூடு உன்னுதுதானேக்கா. நான்தான் இதுல வாடகைக்குக் குந்திக்கினு கீறேன்" என்றது.

பாய், முபாஷிர், செங்கொடி எல்லாரும் ஏற்றி இறக்கினார்கள். வாடகை கொஞ்சம் கூட. அதைப் பற்றி நீ பேசாதே. கருவாட்டுக்கு நன்றாகத்தான் ஓடுகிறது.

அந்த இன்னொரு ரூமில் ஜன்னல் கிழக்கே. துறைமுகத்து கிரேன் நுனி தெரிகிறது. கடல் தெரிகிறது என்று ஜெகதீசன் சார் சொல்கிறார். கட்டில் மேல் ஏறி நின்றால் எனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஒரே சிக்கல். நான் உள்வாடகைக்கு விடப் போகிறேன் என்று அவருக்குச் சந்தேகம். "எத்தனை பேர்?" என்று மறுபடி கேட்டார். ரெண்டு பேர் என்றேன். "ரெண்டாவது ஆள் பேர் சொல்லுங்க, ஆதார் காப்பி குடுங்க" என்கிறார்.

எந்தப் பேரை எழுதச் சொல்லட்டும்?

உன் அக்கா,
சுகிர்தம்


மடம்
16.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மதர் திறக்காமலேயே கொடுத்தார்கள். "இதை நீங்களே முதலில் படியுங்கள்" என்றார்கள். அதனால் இந்தக் கடிதத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

வெளியே போக அனுமதி கேட்டு எட்டு மாதம் ஆகிறது. ரோமிலிருந்து கடிதம் வர வேண்டும். யாரும் எனக்குத் தீங்கு செய்யவில்லை, அக்கா. அதை எல்லோருக்கும் சொல். மூன்று வருடமாக ஜெபத்தில் உட்கார்ந்தால் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். மணி அடித்ததும் எழுந்துபோய் ஓஸ்தி சுடுகிறேன். இது என் இடம் இல்லை என்று மட்டும் தெரிகிறது. என் இடம் எது என்று தெரியவில்லை.

"ஊருக்குள் எங்கள் முகத்தில் கரி பூசாதே" என்று அண்ணன் எழுதியிருந்தார், ஜனவரியில். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். இங்கே நுழையும்போது இருபத்து நான்கு வயது. இப்போது நாற்பத்து மூன்று. எனக்குத் தெரிந்த வேலை மாவு கரைப்பதும் மௌனமாக இருப்பதும்தான். உனக்குப் பாரம் ஆவேன். உன் பங்குப் பெண்கள் உன்னைக் கேள்வி கேட்பார்கள்.

அதனால் பேர் எதுவும் எழுத வேண்டாம். தயவுசெய்து கீழ் வீட்டுக்கே போய்விடு.

சகோ. தேவப்பிரியம்


திருவொற்றியூர்
28.2.2025

மரியே வாழ்க.

அன்புள்ள தங்கச்சிக்கு. மதர் அம்மா, இதை நீங்கள் தாராளமாகப் படிக்கலாம். நீங்கள் பெரிய மனுஷி.

ஏட்டி, கீழ் வீட்டில் ஜீனத் ஏற்கெனவே நாலு குழாயில் மூன்றை ஒழுகாமல் துணி கட்டி வைத்துவிட்டது. இனிமேல் எப்படிப் போவேன்?

பங்குப் பெண்கள் கேள்வி கேட்பார்கள் என்றாய். கேட்டுவிட்டார்கள். அண்ணன் எனக்கு மட்டும் போன் போடவில்லை, இங்கே தெரிந்தவர்களுக்கெல்லாம் போட்டிருக்கிறான். போன ஞாயிறு கோவில் வாசலில் நாலு பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். "சுகிர்தம், தங்கச்சி மடத்தை விட்டு வராளாமே?" என்று ஒருத்தி இழுத்தாள்.

"ஆமா. பத்தொன்பது வருஷம் வேலை பாத்துட்டு ரிட்டையர் ஆகப் போறா. எங்க வீட்டுக்காரர் துறைமுகத்துல இருபத்தெட்டு வருஷம் பாத்துட்டு வந்தாரு. அவர யாராச்சும் ஓடியாந்துட்டார்னு சொன்னீங்களா? மாலை போட்டு ஜீப்புல கொண்டாந்து வுட்டாங்க. உங்களுக்கு மாலை வாங்க வசதி இல்லேன்னா சும்மா வந்து பாத்துட்டுப் போங்க" என்றேன்.

சாமியார் அந்தப் பக்கம் திரும்பி நின்று இருமினார். அது சிரிப்புதான்.

பாரம் என்கிறாய். தினமும் ஐஸ் பெட்டியும் கருவாட்டுக் கூடையும் தூக்குகிறவள் நான். நீ என்ன எடை இருப்பாய்? ஓஸ்தி தின்று வளர்ந்த உடம்பு. உனக்கு மௌனமாக இருக்கத் தெரியும், எனக்குப் பேசத் தெரியும். ஒரு வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ரெண்டு பேரும் பேசுகிறவர்களாக இருந்தால்தான் ஆபத்து.

ஆனால் வீட்டுக்காரரை என்னால் சமாளிக்க முடியவில்லை. "ஆள் வராத ரூமை நான் எப்படிம்மா நம்புறது? ஏப்ரல் முடியறதுக்குள்ள ஆதார் காப்பி வரணும். இல்லேன்னா அந்த வீட்டுக்கு நாலு பேர் இருக்கிற குடும்பம் ஒண்ணு காத்திருக்கு" என்கிறார். மனுஷன் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

புதன்கிழமை சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை உனக்குக் கடிதம் கிடையாது. அது வரைக்கும் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். என் வாழ்நாளில் இதுதான் பெரிய தவசு. நீ உன் சுவரைப் பார். நான் இந்த ரூமைக் கூட்டிப் பெருக்கிவைக்கிறேன். தினமும். முதுகு என்ன சொன்னாலும் சரி.

ஒன்று மட்டும் சொல்கிறேன், பிறகு நிறுத்திவிடுகிறேன். இதை உனக்காக மட்டும் கேட்கிறேன் என்று நினைக்காதே.

உன் அக்கா,
சுகிர்தம்


மடம்
22.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துக்கள்.

ரோமிலிருந்து கடிதம் தவக்காலம் நான்காம் வாரமே வந்துவிட்டது. கையெழுத்துப் போடவா வேண்டாமா என்று மதர் எனக்கு ஈஸ்டர் வரை நேரம் கொடுத்தார்கள். நேற்றுக் காலை போட்டேன்.

உன் கடைசி வரியை நாற்பது நாளும் வைத்திருந்தேன். வெறும் சுவரைப் பார்த்தபோதெல்லாம், நீ ஆள் இல்லாத ரூமைப் பெருக்கிக்கொண்டு இருக்கிறாய் என்று நினைத்தேன். உன் முதுகை நினைத்தேன்.

ஆதார் நகல் இத்துடன். அதில் தேவப்பிரியம் என்றுதான் இருக்கிறது. வீட்டுக்காரர் அதையே எழுதட்டும். அந்தப் பேரும் பொய்யில்லை. நீ மட்டும் ஷெர்லின் என்று கூப்பிடு. அந்தப் பேர் கேட்டு நாளாகிறது. கூப்பிட்டால் உடனே திரும்புவேனா என்று தெரியவில்லை. இரண்டு முறை கூப்பிடு.

மே பத்தாம் தேதி காலை எழும்பூர் வருகிறேன். ஸ்டேஷனுக்கு நீ மட்டும் வந்தால் போதும். மாலை வேண்டாம்.

இன்னொன்று. இங்கே எங்கேயும் கண்ணாடி கிடையாது. நீ அந்த ஆணிக் கண்ணாடியைப் பற்றி எழுதியதிலிருந்து ஒரு சின்னப் பயம். பத்தொன்பது வருடம் ஆயிற்றே.

அன்புடன்,
ஷெர்லின்

(கீழே வேறு கையெழுத்தில்)

சுகிர்தம் அம்மா, உங்கள் தங்கையை நல்ல மனதோடு அனுப்புகிறோம். எங்களுக்கு ஒரு நஷ்டம் உண்டு: இனி உங்கள் கடிதம் வராது. சிரித்த அந்த வயதான சிஸ்டர் இப்போதே கேட்கிறார். மாதம் ஒன்று எனக்கு எழுதினால் விதிக்கு விரோதமில்லை. ஏட்டி என்பதும் பாவமில்லை. — மதர்


திருவொற்றியூர்
1.6.2025

மரியே வாழ்க.

அன்பும் மரியாதையும் உள்ள மதர் அம்மாவுக்கும், அடிப்பிடித்த பாலுக்குச் சிரித்த சிஸ்டருக்கும் சுகிர்தம் எழுதுவது. நாங்கள் நலம். "நாங்கள்" என்று எழுதி ரொம்ப நாள் ஆகிவிட்டது, கை தடுமாறுகிறது. உங்கள் எல்லாருக்கும் வெயில் தாங்குகிறதா?

உங்கள் பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தாள். எழும்பூரில் ஒரு சின்னப் பையோடு, வெள்ளைப் புடவையில் நின்றாள். ஷெர்லின் என்று கூப்பிட்டேன். முதல் தடவையே திரும்பிவிட்டாள். மாலை வேண்டாம் என்று எழுதியிருந்தாளே, அதனால் நான் வாங்கவில்லை. ஆனால் செங்கொடி வாங்கி வந்துவிட்டாள். "ரிட்டையர்மென்ட்டுக்கு மாலை இல்லாம இன்னாக்கா!" என்று ஸ்டேஷன் நடுவில் போட்டாள். உங்கள் பிள்ளை அழுவாள் என்று நினைத்தேன். மாலையை மோந்து பார்த்துவிட்டு, "மல்லியா?" என்றாள்.

ஜீனத் பிரியாணி கொடுத்து அனுப்பியது. ஜெகதீசன் சார் மேலே வந்து ஆதாரையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சிஸ்டரா நீங்க?" என்று கையைக் கட்டிக்கொண்டார். அப்புறம் தானாகவே, "மாதா படத்துக்கு ஒரு ஆணி அடிச்சுக்கங்க. ஒண்ணே ஒண்ணு" என்றார். செங்கொடி மயங்கி விழுவது போல நடித்தாள்.

காலையில் இன்னும் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பாள். ஜெபிக்கிறாயா என்று நான் கேட்பதில்லை. "கிரேன் திரும்புது" என்று ஒருநாள் சொன்னாள். தெரு முனையில் ஒரு பேக்கரியில் வேலைக்குக் கேட்டிருக்கிறோம். மாவு மெல்லிசாகக் கரைக்க இவளைவிட ஆள் யார்? அண்ணன் இன்னும் பேசவில்லை. அவனுக்கும் ஒரு ஈஸ்டர் வரும்.

கண்ணாடிக் கதையைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். வந்த அன்று குளிக்கப் போனவள் வெகுநேரம் வரவில்லை. கதவு சாத்தாமல் இருந்தது. எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் மேல் ஏறி நிற்கிறாள். கன்னத்தைத் தொடுகிறாள், காதோரத்து நரையைத் தொடுகிறாள்.

"யாருக்கா இந்தப் பொம்பளை?" என்றாள்.

"ஜெகதீசன் சார் அக்ரிமென்ட்ல எழுதியிருக்காரே, ரெண்டாவது ஆள். அவதான்" என்றேன்.

கண்ணாடியை முந்தானையால் ஒரு துடை துடைத்துப் பார்த்தாள். பிறகு, "நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லி இறங்கினாள்.

அடுத்த மாதம் எழுதுகிறேன். இடத்தை மிச்சம் வைக்கச் சொல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்து இடிக்கிறாள்.

இப்படிக்கு,
முதல் ஆள் சுகிர்தம்

மதர், அக்கா எழுதியதில் பாதி பொய். அந்த ஸ்டூல் முன்பே அங்கே கிடந்தது. என் வருகைக்காகத் தலைக்கு மை போட்டுக்கொண்டு, தினமும் அதில் ஏறிப் பார்த்தாளாம். ஜீனத் அக்கா சொல்லிவிட்டார்கள்.

— ரெண்டாவது ஆள்